மூலையில் கிடந்த மூட்டை

“அந்த மூட்டை வேணாம் சார். அதைத் தவிர எதை வேணும்னாலும் பிரிச்சுப் பாருங்க.”

உழவர் சங்கத் தலைவி சொல்லி முடிப்பதற்குள், சிப்ஸ் கம்பெனியின் தர அதிகாரி கிடங்கின் மூலைக்குப் போய்விட்டார்.

“வேணாம்னு சொன்னாலே எனக்கு அதுதான் வேணும். இருபது வருஷமா இதே வேலைம்மா. நல்லதை வாசலுக்கு நேரா அடுக்குவீங்க. மத்ததைக் கதவுக்குப் பின்னாடி தள்ளுவீங்க.”

“அதில்லை சார், அது வந்து...”

“கிழங்கு பேசட்டும். நீங்க பேசாதீங்க.”

தலைவி ஒதுங்கி நின்றாள். சங்கத்தில் நாற்பத்திரண்டு குடும்பங்கள். ஆளுக்கு அரை ஏக்கர், மிஞ்சினால் ஒரு ஏக்கர். இன்று இவர் தலையாட்டினால் ஒரு வருடத்துக்கு விளைகிற உருளைக்கிழங்கையெல்லாம் கம்பெனியே எடுத்துக்கொள்ளும். இல்லையென்றால் போன வருடக் கதைதான். ஆலை வாசல்வரை போன லாரி அப்படியே திரும்பி வந்தது. டிரைவர் கையில் ஒரு சீட்டு. அதில் ஒரே வார்த்தை: ‘சிறியது’.

“எவ்வளவு சின்னதுன்னு எழுதியிருந்தா கை தேஞ்சா போயிருக்கும்?” கதவோரம் நின்ற அவளுடைய நாத்தனார் முணுமுணுத்தாள்.

“திருப்பி அனுப்ப ஒரு வார்த்தை போதும்மா,” என்றார் அதிகாரி. அவருக்குக் காது கூர்மை.

மூட்டையைத் தார்ப்பாயில் கொட்டினார். பையிலிருந்து ஓர் எஃகு வளையத்தை எடுத்தார். கிழங்கு அதற்குள் நுழைந்து விழுந்தால் கம்பெனிக்கு ஆகாது. ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். முப்பது கிழங்கு. ஒன்றும் விழவில்லை.

நிமிர்ந்தவர் கண்ணில் சுவரிலிருந்த ஆணி பட்டது.

“யார் வளையல் இது? தொலைஞ்சுடப் போகுது.”

“எங்க அண்ணியோடது சார். வேலை நேரத்துல அங்கதான் தொங்கும்,” என்றாள் நாத்தனார்.

அடுத்து கத்தி. பத்துக் கிழங்குகளைக் குறுக்கே வெட்டினார். நடுவில் பொந்து இல்லை, கறுப்பு இல்லை. பிறகு உப்புக் கரைசல் வாளி. நீர்ச்சத்து அதிகமான கிழங்கு அதில் மிதக்கும். வறுத்தால் எண்ணெயைக் குடிக்கும்.

போட்டதெல்லாம் கல் மாதிரி அடியில் போய் உட்கார்ந்தது.

“இப்பவாவது சொல்லிடுங்க அண்ணி.”

“கிழங்கு பேசிட்டிருக்கு. நீ சும்மா இரு.”

அதிகாரி வாளிக்குள் கையை விட்டு ஒரு கிழங்கை எடுத்தார். முகர்ந்தார். தோலை நகத்தால் சுரண்டினார். குறை கிடைக்காத மனிதருக்கு வரும் ஒருவித வாட்டம் அவர் முகத்தில் வந்தது. கையைத் துடைத்துக்கொண்டு ஒப்பந்தத் தாளை எடுத்தார். ‘முதல் தரம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினார்.

“மத்த மூட்டையும் இதே மாதிரி இருந்தா போதும். ஒரு வருஷத்துக்கு உங்க கிழங்கு எங்களுக்குத்தான்.”

தலைவி தாளை இரண்டு கையாலும் வாங்கி, ஒருமுறை முழுக்கப் படித்து, மடித்து நாத்தனாரிடம் கொடுத்தாள்.

“ஆமா, இவ்வளவு நல்ல கிழங்கை ஏம்மா பிரிக்க வேணாம்னீங்க?”

தலைவி ஆணியிலிருந்த வளையலைக் கழற்றினாள். தார்ப்பாயில் கிடந்த எஃகு வளையத்தைச் சுற்றி அதை வைத்தாள். சுற்றிலும் அரை விரல் இடைவெளி இருந்தது.

“எவ்வளவு சின்னதுன்னு நீங்க சொல்லலை. அதனால நாங்களே ஒரு அளவு வச்சுக்கிட்டோம் சார். பொடிசை விதைக்கு எடுத்தது போக, இந்த வளையலுக்குள்ள நுழைஞ்சதையெல்லாம், கம்பெனிக்கு ஆகாதுன்னு கழிச்சு வீட்டுச் சமையலுக்காக மூலையில போட்டோம். உங்களுக்குன்னு எடுத்து வச்சது அதோ, வாசலுக்கு நேரா அடுக்கியிருக்கு.”