அப்டேட் நாள்

"இந்தக் கிழட்டு மெஷினோட இனிமே என்னால மல்லுக்கட்ட முடியாது சார். ஒரு அப்டேட் போட்டா நாள் பூரா இழுக்குது. நம்பிக்கை இல்லைன்னா நீங்களே பக்கத்துல உட்கார்ந்து பாருங்க."

முதலாளி நிஜமாகவே வந்துவிட்டார். சர்வர் அறையின் குளிர் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அறை வாசலிலேயே, ஊழியர்கள் இருக்கும் கூடத்தைப் பார்த்தபடி நாற்காலியைப் போட்டு அமர்ந்தார்.

கம்ப்யூட்டர் இன்ஜினீயருக்கு உள்ளூரக் கொண்டாட்டம். அப்டேட் நாளென்றால் அவன் வீடு போய்ச் சேர்வதற்குள் மகள் தூங்கிவிடுவாள். முதலாளி கண்ணால் பார்த்துப் புது சர்வருக்குத் தலையாட்டிவிட்டால் அந்தக் கவலை தீர்ந்தது.

"வேலை நிக்குதேன்னு நம்ம ஆளுங்க கோபப்பட மாட்டாங்களா?" என்று கேட்டார் முதலாளி.

"சேச்சே, தங்கமான மனுஷங்க சார். இதுவரைக்கும் ஒருத்தர்கூட முகம் சுளிச்சதில்ல. அவங்கவங்க சீட்டுல சத்தம் போடாம உட்கார்ந்திருப்பாங்க."

"சரி, எப்ப முடியும்?"

"நெட்டுல இருந்து இது இறங்கி முடியறதுக்குள்ள நமக்குத் தாடியே வளர்ந்துடும் சார். பாருங்களேன்."

ஆபீஸ் வேலைகளை நிறுத்தி, அப்டேட்டை ஓடவிட்டு, முதலாளிக்கு டீ வாங்கப் போனான். திரும்பி வந்து திரையைப் பார்த்தவனுக்குப் பகீரென்றது. மொத்தமும் இறங்கி முடிந்திருந்தது.

'அடப்பாவி, என் மானத்தை வாங்கன்னே இன்னைக்கு இந்த ஓட்டம் ஓடுறியா?' என்று மெஷினை மனதுக்குள் திட்டினான். அது கேட்டால்தானே? மதியச் சாப்பாட்டுக்கு முன்பே எல்லாம் முடிந்து, சர்வர் சமர்த்தாக எழுந்து உட்கார்ந்தது.

"நல்லாத்தானேப்பா ஓடுது? இதைப் போய்க் கிழடுங்கிறியே. இன்னும் ரெண்டு வருஷம் தாராளமா தாங்கும்." அவன் தோளில் தட்டிவிட்டு முதலாளி கிளம்பிவிட்டார்.

இன்ஜினீயருக்கு முகம் தொங்கிப்போனது. சோர்வோடு மனைவிக்குப் போன் போட்டான்.

"என்னங்க, இந்நேரத்துல கூப்பிடுறீங்க?"

"அப்டேட் முடிஞ்சுடுச்சும்மா. பாப்பா ஸ்கூல் விட்டு வர்றதுக்குள்ள வந்துடுறேன்."

"நிஜமாவா? சீக்கிரம் வாங்க. வாசல்ல உங்களைப் பார்த்து அவளே அசந்து போகட்டும்."

அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டதும் பாதி வருத்தம் பறந்துவிட்டது. போனால் போகிறது சர்வர் என்று பையை மாட்டிக்கொண்டான். ஆனாலும் மனசு கேட்கவில்லை. கணக்குப் பிரிவு அக்காவின் மேஜைக்கு முன்னால் நின்றான்.

"எனக்கு ஒண்ணும் புரியலக்கா. அதே மெஷின், அதே அப்டேட். இன்னைக்கு மட்டும் எப்படி இந்தப் பறப்பு பறந்துச்சு?"

முதலாளியின் கார் போய்விட்டதா என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு அக்கா சொன்னாள்: "அப்டேட் அன்னைக்கு எங்களுக்கு வேற என்ன வேலை தம்பி? ஆபீஸ் நெட்டுல ஆளுக்கு ஒரு படம் போட்டுப் பார்ப்போம். இன்னைக்கு நீதான் முதலாளியைக் கொண்டாந்து எதிர்லயே உட்கார வெச்சுட்டியே."