உறை பிரிக்காத ஊசி

ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்தெருவில் இருக்கும் ஃப்ளோராவின் அக்குபஞ்சர் அறைக்குள் நான்கு மணி வெயில் கட்டிலின் கால்வரை வந்திருக்கிறது. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் நகரும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. கட்டிலில் படுத்திருக்கும் எத்திராஜ் காசிமேட்டில் விசைப்படகு ஓட்டுபவர். மூன்று வருடத்துக்கு முன் அவருடைய தோள்வலியைத் தீர்த்தவள் ஃப்ளோரா. அதிலிருந்து காய்ச்சல் வந்தாலும் அவர் வேறு எங்கும் போவதில்லை. இப்போது அவர் கழுத்தோரம் எலுமிச்சை அளவில் ஒரு கட்டி இருக்கிறது. உடம்பு இளைத்ததில் சட்டை தொளதொளவென்று கிடக்கிறது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அவள் எழுதித் தந்த சீட்டு நாலு வாரமாக அவர் பையிலேயே மடிந்திருக்கிறது. "அண்ணா, இது ஊசிக்கு அடங்குற சமாச்சாரம் இல்ல. நானும் கூட வர்றேன், இப்பவே போலாம்." "அங்க போன எங்க அண்ணன் வூடு திரும்பல. நீ போடும்மா. உன் கை பட்டா சரியா பூடும்." கயிறு இழுத்துக் காய்த்துப்போன கையை அவர் நீட்டுகிறார். ஃப்ளோரா ஊசியை உறை பிரிக்காமலே தட்டில் வைத்துவிட்டு, அவர் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைக்கிறாள். நாடி படபடவென்று ஓடுகிறது. அவர் கண்களை மூடிக்கொள்கிறார். நெற்றிச் சுருக்கம் மெல்ல விடுபடுகிறது. "இப்ப தேவலம்மா" என்கிறார். "அண்ணா, நான் ஊசியே போடல." "தெரியும்மா" என்கிறார், கண்களைத் திறக்காமல். "கைய எடுத்துடாத."