அதிராத மெஷின்

"இப்போ இருக்கிறவங்களுக்கு எதுவுமே உடம்புல படக் கூடாது. செருப்புக்குப் பஞ்சு, நாற்காலிக்குப் பஞ்சு, இப்போ பாறை துளைக்கிற மெஷினுக்கும் ஸ்பிரிங் வச்ச கைப்பிடி. நாளைக்குப் பாறைக்கே தலையணை வைப்பீங்க" என்றார் துளை போடும் பெரியவர்.

சுரங்கத்தின் அடியில், தலைவிளக்கு வெளிச்சத்தில், பாதுகாப்பு இன்ஜினியர் அவர் விரல்களைப் பிடித்துப் பார்த்தாள். நுனியெல்லாம் வெளுத்து மரத்துக் கிடந்தன. அவள் அவருடைய மச்சானின் மகள்.

"சட்டைப் பொத்தானைக்கூட அத்தைதான் போட்டு விடுறாங்க. பழைய மெஷினோட அதிர்வு உங்க நரம்பைத் தின்னுடுச்சு மாமா. புதுசுக்கு மாறலைன்னா இந்த வாரமே வேலையை விட்டு அனுப்பிடுவாங்க."

"அனுப்பட்டும்."

"எனக்காக ஒரே ஒரு துளை."

முனகிக்கொண்டே புது மெஷினைப் பாறைச் சுவரில் வைத்து அழுத்தினார். காது கிழிகிற சத்தம். கையில் மட்டும் தூங்குகிற பூனையைப் பிடித்தது போல இருந்தது. பாதித் துளையில் சட்டென்று நிறுத்தி, கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"என்ன மாமா, அதிருதா?"

"மெஷின் அதிரல. பழசைக் கொடு."

"காரணம் சொல்லுங்க."

அவர் சுவரைப் பார்க்காமல் பேசினார். "அந்தப் பக்கம் ஒருத்தன், இந்தப் பக்கம் ஒருத்தன்னு துளைச்சுக்கிட்டு வருவோம். பாறையில மூணு தட்டு வந்தா மெஷினை நிறுத்தணும். ஆள் இருக்கேன்னு அர்த்தம்."

"தெரியுமே. வீட்டுக் கதவையே அப்பா அப்படித்தான் தட்டுவார்."

"பழசு ஆட்டுற ஆட்டத்துல வேற எதுவும் கைக்குத் தெரியாது. அதுதான் எனக்கு நிம்மதி."

"மரத்துப்போன கை இல்லாததை எல்லாம் சொல்லும் மாமா. டாக்டரே சொன்னார்."

"அந்த டாக்டரைக் கீழ வந்து பிடிச்சுப் பார்க்கச் சொல்லு."

பழைய மெஷினைத் தோளில் தூக்கிக்கொண்டு, "அதை நம்புறதுக்கு வேற ஆளைப் பாரு" என்று திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

அவள் சிரித்துக்கொண்டே, துளையில் சிக்கி நின்ற புது மெஷினை வெளியே இழுக்கக் கைப்பிடியைப் பிடித்தாள். ஓடாத மெஷின். உள்ளங்கையில் மெதுவாக மூன்று தட்டு. கொஞ்சம் இடைவெளி. மறுபடி மூன்று.

அந்தச் சுவருக்கு அப்பால் இப்போது யாரும் வேலை செய்வதில்லை. கூரை இடிந்த வருடம், தட்டுச் சத்தம் எதுவும் வரவில்லை என்று சொல்லி, அவள் அப்பாவை உள்ளே வைத்தே மூடிவிட்ட இடம் அது.