அரை வரி

ரொட்டிப் பெட்டியின் மேல் அவன். மடியில் பலகை, பலகையில் காகிதம். எதிரே தரையில் குத்தவைத்து வீரணன். மண்மூட்டையில் முதுகைச் சாய்த்துச் சூசை. பதுங்குகுழியின் வாய்ப்பக்கம் குழந்தைவேலு, துப்பாக்கியும் தானுமாக, வெளியே பார்த்தபடி.

பர்மா மழை விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. பகல் பதினோரு மணி. கடிதம் எழுதும் நேரம்.

அவர்களில் எழுதத் தெரிந்தவன் பெட்டிமேல் இருந்த அவன் ஒருவன். சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை. அதனால் எல்லோருக்கும் அவன் வாத்தியார்.

முதல் வரியை யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவனே எழுதிவிடுவான்.

இவ்விடம் நான் சுகம்.

வீரணன் தன் கடிதத்தில் மாட்டை விசாரித்தான். கிணற்றை விசாரித்தான். பிறகு தலையைச் சொறிந்தான்.

ஊரில் அவனுக்குப் பிள்ளை பிறந்து மூன்று மாதம். ஆண். நீங்கள் எழுதுகிற பெயரைத்தான் வைப்பேன் என்று காத்திருக்கிறாள் மனைவி பேச்சி.

"எங்கப்பன் பேரு அண்ணன் மவனுக்குப் போயிட்டு. என்னத்த வைக்க வாத்தியாரே?"

"உம் பேரையே வையேம்ல" என்றான் சூசை.

"போல, எடுபட்ட பயலே. நான் உசுரோட இருக்கையிலயா? அப்பன் செத்த பெறவுல்லா அவன் பேரு பிள்ளைக்கு வரும்!"

குழந்தைவேலுகூடத் திரும்பிச் சிரித்தான்.

வீரணன் எழுந்து தண்ணீர்க் குடுவைகளை எடுத்தான்.

"போயிட்டு வந்து சொல்லுதேன். அந்த இடத்த மட்டும் விட்டு வையி."

வாத்தியார் அரை வரி இடம் விட்டான். அதற்குக் கீழே, முடிக்கிற வரியையும் எழுதி வைத்தான்.

ஓடை இருநூறு அடி கீழே.

ஒரே ஒரு குண்டுதான் விழுந்தது.

ஆறு குடுவைகள் போயின. நான்கு திரும்பி வந்தன, சூசையின் கையில்.

ஒரு மணிக்குள் வீரணனைப் புதைத்துவிட்டார்கள். குழிக்குள் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது.

சாவைக் கடிதத்தில் எழுதக் கூடாது. அதை மேலிடத்துக் காகிதம்தான் சொல்ல வேண்டும். முன்பு இதே குழியில் இருந்து செத்த கருத்தானுக்கு அந்தக் காகிதம் ஊர் போய்ச் சேர ஐந்து மாதம் ஆனது. ஐந்து மாதமும் அவன் மனைவி கடிதம் போட்டுக்கொண்டிருந்தாள். எப்போது லீவு, எப்போது லீவு என்று.

அவற்றைப் பிரித்து வாசித்தவன் வாத்தியார்தான்.

நான்கு மணிக்குத் தபால் மூட்டை இறங்கும்.

அவன் பலகையை மடியில் வைத்தான். முதல் வரியை அடிக்கவில்லை. அரை வரி இடத்தில் ஒரு பெயரை எழுதினான். மை காயும்வரை ஊதினான்.

எந்தக் கடிதமும் சுபேதார் பார்த்துத்தான் போகும். வேண்டாதது இருந்தால் கிழித்துப் போடுவார்.

படித்துக்கொண்டே வந்தவர் அந்த வரியில் நின்றார்.

"பிள்ளைக்கு வீரணன்னா பேரு?"

"ஆமா, சாப்."

சுபேதாரும் தெற்கத்திக்காரர்தான். அவருக்கும் இரண்டு பையன்கள்.

வெளியே மழையைப் பார்த்தார். கடிதத்தை மடித்தார். உறையில் போட்டு, பசையைத் தாமே தடவி, கட்டைவிரலால் வெகுநேரம் அழுத்திக்கொண்டிருந்தார்.

பிறகு முத்திரை குத்தினார்.

மூட்டை கோவேறு கழுதையின் மேல் ஏறியது. ஓடையைக் கடந்துதான் அது போக வேண்டும்.