ஆறு பக்க லித்தியம்

“நிலக்கரிக்கு மூணு பக்கம். லித்தியத்துக்கு ஆறா?”

மேலதிகாரி ஸ்ரீனிவாசராகவன், ஸ்மிதா எழுதிய அறிக்கையைத் தட்டினார். கனிமக் கொள்கைக் குழுவுக்காக அது நாளை டெல்லி போயாக வேண்டும். அதனால்தான் ஞாயிறென்றும் பாராமல் கொல்கத்தாவின் டாலிகஞ்சில் இருந்த அவள் வீட்டுக்கே வந்திருந்தார்.

“எல்லாமே இறக்குமதி சார். அனுப்பற நாடுங்க நிறுத்திட்டா?”

“செல்போன் பேட்டரிக்கா இவ்வளவு கவலை? நாலு வரி போதும்மா.”

“அப்போ என் பேரையும் எடுத்துடுங்க.”

இப்படியொரு பிடிவாதக்கார ஜியாலஜிஸ்டை அவர் பார்த்ததில்லை. டீயும் சந்தேஷ் இனிப்பும் கொண்டுவந்த அவள் கணவனிடம் முறையிட்டார். “நீயாவது சொல்லேன், ஜெயந்த்.”

“நான் சொன்னா கேப்பாளா? தினம் காலையில என் நெஞ்சுல காதை வச்சு ஸ்டாக் பாக்கறவ சார்.”

ஜெயந்த் சிரித்தபடி சட்டையின் மேல் பட்டனைக் கழற்றினான். இடது தோளுக்குக் கீழே, தோலுக்கடியில் தீப்பெட்டி அளவுக்குப் புடைத்திருந்தது.

“பேஸ்மேக்கர். இதுக்குள்ள ஓடறதும் லித்தியம் பேட்டரிதான். எட்டு வருஷம் வரும்னாங்க. ஏழு ஆச்சு.”

ஸ்மிதா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“இதை ஏம்மா எழுதல?”

“சொந்த விஷயம் சார்.”

அவர் ஆறு பக்கத்திலும் கையெழுத்திட்டார். பிறகு ஒரு வெள்ளைத்தாளை அவளிடம் நகர்த்தினார்.

“ஏழாவது பக்கம் சேர்த்துடு. இவனை மாதிரி நாட்டுல எத்தனை பேருன்னு எழுது.”