யசோதாவின் பிபி

ஜீவனஹள்ளியில் மூன்று சந்து மாறி யசோதாவின் வீட்டைக் கண்டுபிடித்த பிரபா, செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிட்டாள்.

"உண்மையைச் சொல்லுங்க, அப்படி என்னதான் சாப்பிடறீங்க?"

எட்டு மாத வயிற்றோடு நின்ற யசோதா சிரித்தாள். எல்லோரும் சாப்பிடுவதைத்தான் என்றாள்.

பிரபாவுக்கு அந்தப் பதில் போதவில்லை. கர்ப்பிணிகளின் பிபியைப் பற்றி ஆராய்ச்சி நடத்தும் ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை. நூற்றுப்பத்துப் பெண்களுக்கு மணிக்கட்டில் கட்டும் சின்ன மெஷினைக் கொடுத்திருந்தார்கள். காலையில் கட்டிப் பொத்தானை அழுத்தினால் அளவு தானாக ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டருக்கு வந்துவிடும்.

யசோதாவை நினைத்துத்தான் எல்லோருக்கும் பயம். போன முறை இதே எட்டாம் மாதத்தில் பிபி எகிறி, வலிப்பு வந்து, குழந்தை தங்கவில்லை.

இந்த முறையோ நாலு வாரமாக அவளுடைய பிபி இறங்கிக்கொண்டே வந்தது. நேற்று நூற்றுப் பதினாறு, கீழே எழுபத்து நான்கு. காலேஜ் பெண்ணுக்கு இருக்கவேண்டிய பிபி!

டாக்டரம்மாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இந்த மாதம் செக்கப்புக்கு வராவிட்டாலும் பரவாயில்லை என்று போனிலேயே சொல்லிவிட்டார். பிரபாவுக்குத்தான் மண்டை குடைந்தது. மாத்திரை அதேதான். அப்படியென்றால் இந்த வீட்டில் ஏதோ சமாச்சாரம் இருக்கிறது. அது என்னவென்று தெரிந்தால் மற்ற நூற்றொன்பது பேருக்கும் சொல்லலாமே.

நோட்டை விரித்து உட்கார்ந்தாள். உப்பு? குறைத்தாகிவிட்டது. ஊறுகாய், கருவாடு? வீட்டுக்குள்ளேயே வருவதில்லை. தலைவலி?

அது பத்து நாளாக இருக்கிறதாம், வெயிலுக்கு. இவ்வளவு நல்ல பிபிக்குத் தலைவலி எதற்கு வருகிறது என்று அதையும் ஆவலாகக் குறித்துக்கொண்டாள்.

கடைசியில், இன்றைய அளவைத் தன் எதிரிலேயே பார்க்கச் சொன்னாள்.

யசோதா மெஷினை எடுத்துவந்து, உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். "ஏங்க, பிபி பாக்கணுமாம், வாங்க."

காக்கிச் சட்டைக்குப் பொத்தான் போட்டபடி முனிராஜ் வந்தார். ஆட்டோ ஓட்டுகிறவர். நாற்காலியில் சாய்ந்து, இரண்டு காலையும் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்த எதையும் விடவில்லை. எப்படி உட்காரவேண்டும் என்று மனைவிக்குக் காட்டுகிறார், தங்கமான மனுஷன் என்று பிரபா நினைத்துக்கொண்டாள்.

பிறகு அவர் இடது கையை நீட்டினார். யசோதா மெஷினை அதில் கட்டினாள்.

"உங்க கையில கட்டலையா?" என்றாள் பிரபா. யசோதா தன் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினாள். மணிக்கட்டிலிருந்து முழங்கையை எட்டும் அளவுக்குக் கண்ணாடி வளையல்கள். ஏழாம் மாதம் தங்கவயலிலிருந்து அம்மா வந்து வளைகாப்பில் போட்டவை.

"பிள்ளை பொறக்கற வரைக்கும் கழட்டக் கூடாது மேடம். போன தடவை மாதிரி ஆயிடுச்சுன்னா? அதான் இவர் கையில கட்டினோம். ரெண்டு பேரும் ஒரே சட்டி சோறுதானே துன்றோம்."

"மொத நாள் நூத்தி நாப்பத்தஞ்சு காட்டிச்சு மேடம்," என்றார் முனிராஜ், பெருமையோடு. "அன்னிக்கே குடிய விட்டுட்டேன். பீடி, கருவாடு, உப்பு, எல்லாம் போச்சு. எப்படி எறங்கிச்சு பாத்தீங்களா?"

பிரபா, சரிபார்ப்பதற்காக எப்போதும் பையில் வைத்திருக்கும் பெரிய மெஷினை எடுத்து, வளையல்களுக்கு மேலே, யசோதாவின் புஜத்தில் சுற்றினாள்.

நூற்று அறுபத்தெட்டு. கீழே நூற்றுப் பன்னிரண்டு.

போன முறை வலிப்பு வந்த அன்று இருந்ததும் கிட்டத்தட்ட இதே அளவுதான். பிரபா அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஃபைலை எடுத்துக்கொண்டு உடனே கிளம்பலாம், பத்தே நிமிடத்தில் ஆஸ்பத்திரி என்று மட்டும் சொன்னாள்.

முனிராஜ் எட்டி அந்த எண்களைப் பார்த்துவிட்டார்.  நீட்டிய கையை மடக்கவும் அவருக்குத் தோன்றவில்லை.

"நான் இன்னும் எதை விடணும் மேடம்? சொல்லுங்க, இப்பவே விட்டுடறேன்."

ஆட்டோச் சாவி டிவி மேல் கிடந்தது. பிரபா அதை எடுத்து அந்தக் கையில் வைத்தாள்.