வேலிப் பொட்டு

அஜின்கோர்ட், 1986, சனிக்கிழமை காலை. ஆங்கிலேயக் கிழவர் ஒருவர் தன் கராஜ் வாசலில் பழைய சாமான்களை விற்பதற்குப் பரப்பியிருக்கிறார். குணவதி சட்டமிட்ட படமொன்றை எடுத்துக் கோட்டுக் கையால் கண்ணாடியைத் துடைக்கிறாள். முறுக்கிய மீசை, முழங்காலை மூடிய காற்சட்டை, காலடியில் தோல்பந்து. கிழவரின் பாட்டனாராம், பந்தடித்துச் சம்பளம் வாங்கிய முதல் இங்கிலாந்துக்காரர்களில் ஒருவராம், பதினொரு வருடத்தில் நான்கு கழகங்களாம். “என்ன வடிவான கால்,” என்கிறாள். யாழ்ப்பாணத்தில் ஒரு கோப்பை பிளேன்ரீக்காக வெறுங்காலோடு பந்தடித்த அவள் கணவன் ஜெயரட்ணத்துக்குத் தொழிற்சாலைச் சப்பாத்துக்குள் விரல்கள் மடங்குகின்றன. “என்ர ஒரு பந்தடி மச்சும் நீர் பாக்கேல்லை.” “ஆர் சொன்னது? வேலிப் பொட்டுக்குள்ளாலை எல்லாம் பாத்தனான்,” என்கிறாள், படத்திலிருந்து கண்ணெடுக்காமல். “உங்கட கோல்கீப்பர் தில்லையம்பலம் பாயிற பாய்ச்சல்!” ஜெயரட்ணத்துக்கு இப்போது படத்திலிருக்கிறவன்மேல் கோபமே இல்லை.